முதல் பார்பிக்யூ அடுப்பு: கரியா, கேஸா, கரண்டா?

பார்பிக்யூ செய்து பார்க்க ஆசை இருக்கிறது, எந்த அடுப்பை வாங்குவது என்பதிலேயே மாதக்கணக்காக நின்றுவிடுகிறவர்கள் நிறையப் பேர். ஆன்லைனில் தேடினால் இரண்டாயிரம் ரூபாய்த் தகர அடுப்பும் வருகிறது, நாற்பதாயிரம் ரூபாய் கேஸ் அடுப்பும் வருகிறது. நண்பர்களைக் கேட்டால் கரியில்தான் ருசி என்பார்கள், வீட்டில் கேட்டால் புகையே வேண்டாம் என்பார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கரியா, கேஸா, கரண்டா என்பது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால், அந்த அடுப்பில் சூட்டை இரண்டு பக்கமாகப் பிரிக்க முடியுமா, மேலே போட மூடி இருக்கிறதா என்று பாருங்கள். முதல் தடவை செய்கிறவர்களின் லெக் பீஸ் வெளியே கருகி உள்ளே எலும்பை ஒட்டிப் பச்சையாக இருப்பதற்கு மசாலாவோ எரிபொருளோ காரணம் இல்லை, பெரும்பாலும் இந்த இரண்டும் இல்லாத அடுப்புதான் காரணம்.

எதை வைத்து ஒப்பிடுவது

முதலில் இடம். தனி வீட்டு மொட்டைமாடியோ தோட்டமோ இருந்தால் எதை வேண்டுமானாலும் வாங்கலாம். அடுக்குமாடியில் பொது மொட்டைமாடி என்றால் சங்கத்தில் கேட்டுவிட்டுத்தான் கரியைக் கொண்டு ஏற வேண்டும், மற்றவர்கள் துணி காயப்போட்டிருக்கும் நாளில் புகை போட்டால் சண்டை வராமல் இருக்காது. பால்கனி மட்டும்தான் என்றால் கரி கிடையாது, அவ்வளவுதான். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு நிறமும் இல்லை வாசனையும் இல்லை, தணல் அணையப்போகிற நேரத்திலும் வந்துகொண்டே இருக்கும். மலைக்குச் சுற்றுலா போன இடத்தில், சமைத்து முடித்த கரி அடுப்பைக் குளிருக்காக அறைக்குள் எடுத்து வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கியவர்கள் எழுந்திருக்காமலே போயிருக்கிறார்கள், கொடைக்கானலிலேயே நடந்திருக்கிறது. கண்ணாடி போட்டு அடைத்த பால்கனியும் அறை மாதிரிதான்.

அடுத்தது சூட்டைப் பிரிப்பது. கரியைத் தட்டு முழுக்கப் பரப்பாமல் ஒரு பாதியில் மட்டும் குவித்தால் அந்தப் பக்கம் கடும் சூடு, இந்தப் பக்கம் மிதமான சூடு. லெக் பீஸை மிதமான பக்கம் வைத்து மூடி போட்டு வேகவிட்டு, கடைசி ஐந்து நிமிடம் தணலுக்கு மேல் தள்ளி நிறம் ஏற்றலாம். கொழுப்பு சொட்டித் தீ குப்பென்று எழுந்தால் இழுத்து ஓரமாக வைக்க இடம் இருக்கும். மூடி போட்டால் சூடு உள்ளேயே சுழன்று எல்லாப் பக்கமும் படும். மூடி இல்லாவிட்டால் கீழிருந்து வருகிற சூடு மட்டும்தான், ஒரு அங்குலத்துக்கு மேல் தடிமனான இறைச்சி அதில் பழகிய கைக்குத்தான் ஒழுங்காக வேகும்.

மூன்றாவது, எத்தனை பேருக்கு, எவ்வளவு அடிக்கடி. இதில் உங்களுக்கே உண்மையாக இருங்கள். வருடத்துக்கு மூன்று தடவை பற்றவைக்கிறவருக்கும் ஞாயிறுதோறும் சுடுகிறவருக்கும் ஒரே அடுப்பு சரிவராது.

நான்காவது மறைசெலவு. அடுப்பின் விலையோடு இடுக்கி, கம்பி, உறை, கரி வைக்க டப்பா, சாம்பல் கொட்ட இடம், கழுவுகிற நேரம் எல்லாம் சேர வேண்டும்.

ருசியைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. நன்றாகப் பிடித்துச் சாம்பல் பூத்த கரியிலிருந்து புகை அதிகம் வராது. சுட்ட வாசனை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு, இறைச்சியின் கொழுப்பும் மசாலா எண்ணெயும் சூடான பரப்பில் சொட்டி ஆவியாகி, மேலே ஏறி இறைச்சியிலேயே திரும்பப் படிவது. கீழே சூடான தகடு இருந்தால் கேஸிலும் இது நடக்கும். கரிக்குக் கூடுதலாக இருக்கிற பலம், அது வீசுகிற அனல் காய்ந்த அனல் என்பது. கேஸ் எரியும்போது கூடவே நீராவியும் உண்டாகிறது. அதனால்தான் கரியில் மேல்பக்கம் சீக்கிரம் முறுகுகிறது.

மூடி இல்லாத சின்னக் கரி அடுப்பு

மடக்கி எடுத்துப் போகிற தகரப் பெட்டி மாதிரி வருவது. இரண்டாயிரம் மூவாயிரத்துக்குள் கிடைக்கும் என்பதால் பெரும்பாலானவர்கள் இதில்தான் தொடங்குகிறார்கள்.

கம்பியில் கோத்துச் சுடுகிற எதற்கும் இது போதும். பனீர், குடைமிளகாய், இறால், எலும்பில்லாத சிக்கன் துண்டு, கொத்துக்கறிக் கபாப், சோளக்கதிர். மெரினாவில் சோளம் சுடுகிறவரிடம் மூடியும் இல்லை, காற்றுத் துளையும் இல்லை, ஒரு விசிறிதான் இருக்கிறது. அந்த விசிறியால் அவர் தணலை ஏற்றி இறக்குகிற வேகத்தைப் பார்த்தாலே இந்த அடுப்பில் என்ன திறமை வேண்டும் என்று புரிந்துவிடும்.

குறை எங்கே என்றால், தகடு மெல்லிசு, கரிக்கும் கம்பி வலைக்கும் இடையே மூன்று நாலு விரல் இடைவெளிதான். கொஞ்சம் அதிகமாகக் கரி போட்டால் கருகும், குறைத்துப் போட்டால் பாதியில் அணையும். பாதித் தட்டை வெறுமையாக விட்டுச் சூட்டைப் பிரிக்கலாம்தான், ஆனால் தட்டே சின்னது, பிரித்தால் ஒரு தடவைக்கு நாலு துண்டுக்குத்தான் இடம் இருக்கும். கடற்கரை ஊர்களில் ஒரு மழைக்காலம் வெளியே விட்டால் துரு தின்றுவிடும், மறுவருடம் புதிது வாங்க வேண்டியிருக்கும். ஆக அந்த இரண்டாயிரம் ஒரு தடவை கொடுக்கிற பணமாக இருக்காது.

இன்னொன்று, இதன் கால்கள் குட்டை. மொட்டைமாடித் தரையில் நேராக வைத்தால் வெயிலுக்கு அடித்த வெள்ளைப் பூச்சு உரியும், தளஓடு விரிசல் விடும். கீழே செங்கல் அடுக்கி அதன்மேல் வையுங்கள்.

மூடி போட்ட கரி அடுப்பு

உருண்டையாக, பானை மேல் பானை கவிழ்த்த மாதிரி இருக்குமே, அதுதான். 1952இல் அமெரிக்காவில் சிகாகோ பக்கம் வெபர் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீஃபன், கடலில் மிதக்கவிடும் மிதவைக்காகச் செய்த இரும்புக் கோளத்தை இரண்டாக வெட்டி ஒன்றை அடுப்பாகவும் ஒன்றை மூடியாகவும் ஆக்கியதில் இது தொடங்கியது. காற்றும் மழையும் தணலைக் கெடுக்கிறது என்பதுதான் அவருடைய பிரச்சினை. எழுபது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த வடிவம் பெரிதாக மாறவில்லை.

இதில் கீழே ஒரு காற்றுத் துளை, மூடியில் ஒரு காற்றுத் துளை. கீழ்த் துளையைத் திறந்தால் சூடு ஏறும், பாதி மூடினால் இறங்கும். இதைக் கற்றுக்கொள்ள அதிக நேரம் ஆகாது, ஆனால் துளையைத் திருகிய உடனே எதுவும் மாறாது, ஐந்து பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். பொறுமை இல்லாமல் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்வது. திறக்கிற ஒவ்வொரு தடவையும் உள்ளே சேர்ந்த சூடு போய்விடும், அதோடு தணலுக்குக் காற்று பாய்ந்து தீயும் எழும்.

இந்த அடுப்பில்தான் முழுக் கோழி முடியும். ஒன்றேகால் கிலோ பிராய்லர் கோழியை முதுகெலும்பை வெட்டி எடுத்துத் தட்டையாக விரித்து, தணல் இல்லாத பக்கம் வைத்து மூடினால் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். கடையில் சொல்லித் தோலோடு வாங்குங்கள். நம் ஊர்க் கடைகளில் கேட்காவிட்டால் தோலை உரித்துத்தான் தருவார்கள், தோல் இல்லாத கோழி பார்பிக்யூவில் மேல்பக்கம் காய்ந்து நார்நாராகிவிடும். நாட்டுக்கோழி வேண்டாம், அது குழம்புக்கு உரியது, தணலில் ரப்பர் மாதிரி இழுக்கும்.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பார்பிக்யூ என்றால் நம் ஆட்கள் நினைக்கிற மாதிரி கம்பிமேல் வாட்டுவது இல்லை. நூற்றுப்பத்து, நூற்றிருபது டிகிரி செல்சியஸில் பெரிய இறைச்சித் துண்டை மணிக்கணக்காகப் புகையில் வேகவைப்பது. அந்த ஆசை எப்போதாவது வரும் என்றால் நாம் பேசுகிற நான்கில் இந்த அடுப்புதான் அதற்கு ஈடுகொடுக்கும்.

சேமிப்பும் ஒன்று உண்டு. சமைத்து முடித்ததும் மேல் துளை, கீழ் துளை இரண்டையும் அடைத்தால் காற்று இல்லாமல் கரி அணைந்துவிடும், மிஞ்சியதை அடுத்த தடவை புதுக் கரியோடு சேர்த்துப் போடலாம். திறந்த அடுப்பில் மிஞ்சிய தணல் எரிந்து வீணாகத்தான் போகும்.

விலை கூட. நல்ல எனாமல் பூசியது பத்தாயிரத்துக்கு மேல் போகும், வெளிநாட்டுத் தயாரிப்பு இன்னும் மேலே. விட்டத்தைப் பார்த்து வாங்குங்கள்: 47 சென்டிமீட்டர் நாலைந்து பேருக்கு, 57 சென்டிமீட்டர் எட்டுப் பத்துப் பேருக்கு. எனாமல் சில்லு பெயர்ந்தால் அந்த இடத்தில் துரு பிடிக்கும், அதனால் மாடிப்படியில் தூக்கும்போது ஆள் துணை வேண்டும்.

கேஸ் அடுப்பு

திருகினால் பற்றிக்கொள்ளும், பத்துப் பதினைந்து நிமிடம் மூடி வைத்துச் சூடேற்றினால் தயார். வேலை முடிந்து வந்து சாயங்காலம் ஏழு மணிக்குச் சமைக்க வேண்டும் என்றால் கரி நடக்காத காரியம், கேஸ் நடக்கும். நான் பார்த்தவரை அடிக்கடி பயன்படுத்துகிறவர்கள் கேஸ் வைத்திருப்பவர்கள்தான், கரி வைத்திருப்பவர்கள் விசேஷத்துக்குத்தான் எடுக்கிறார்கள்.

வாங்கும்போது பர்னர் எத்தனை என்று பாருங்கள். ஒற்றை பர்னர் என்றால் சூட்டைப் பிரிக்க வழியே இல்லை. இரண்டு கட்டாயம், மூன்று இருந்தால் நல்லது. பர்னருக்கு மேலே கூரை மாதிரி வளைத்த இரும்புத் தகடு இருக்க வேண்டும். சொட்டுகிற கொழுப்பு அதில் விழுந்து பொரிந்துதான் வாசனை வருகிறது, பர்னரையும் அதுதான் காப்பாற்றுகிறது.

மறைசெலவு இதில்தான் அதிகம், விற்கிறவர்களும் சொல்ல மாட்டார்கள். வீட்டு சிலிண்டரில் கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் முப்பது கிலோ வரும். அதை ஒவ்வொரு தடவையும் சமையலறையிலிருந்து கழற்றி மொட்டைமாடிக்குத் தூக்க முடியுமா என்று யோசியுங்கள். 5 கிலோ சின்ன சிலிண்டர் தனியாக வாங்குவது நல்ல வழி, ஆனால் அதுவும் ஒரு செலவு. மூன்று பர்னரையும் முழுத் தீயில் வைத்தால் மணிக்கு அரைக் கிலோவுக்கு மேல் கேஸ் போகும், பாதிச் சமையலில் தீர்ந்தால் அன்றைக்கு விருந்து நின்றுவிடும். வெளிநாட்டிலிருந்து வந்த அடுப்பை யாராவது குறைந்த விலைக்குக் கொடுத்தால் அவசரப்படாதீர்கள். அதன் ரெகுலேட்டர் நம் சிலிண்டர் வாயில் பொருந்தாது, நாசில் துளையும் வேறு வாயுவுக்கும் அழுத்தத்துக்கும் கணக்குப் போட்டதாக இருக்கலாம். தெரிந்த கேஸ் மெக்கானிக் பார்க்காமல் இணைக்க வேண்டாம். குழாய் ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதாக இருக்கட்டும், ஒவ்வொரு தடவையும் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். பற்றவைக்கும்போது மூடி திறந்தே இருக்க வேண்டும், மூடிய அடுப்புக்குள் கேஸ் தேங்கிப் பற்றினால் முகத்துக்கு நேராக வெடிக்கும்.

கரண்ட் கிரில்

கம்பிச் சுருளுக்குக் கீழே தண்ணீர்த் தட்டு, மேலே கம்பி வலை. இரண்டாயிரத்திலிருந்து ஐந்தாயிரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும்.

புகை குறைவு, பால்கனியில் வைக்கலாம், தணல் பயம் இல்லை. வாசனை வராது என்று சொல்வார்களே, அதற்குக் காரணம் அந்தத் தண்ணீர்த் தட்டுதான். சொட்டுகிற எண்ணெய் தண்ணீரில் விழுந்து அடங்கிவிடுகிறது, ஆவியாகி மேலே வர வழியே இல்லை. அதனால் இதில் பனீர், காளான், கத்திரிக்காய், அன்னாசி, மெல்லிய வஞ்சிரத் துண்டு எல்லாம் நன்றாக வரும். கொழுப்புள்ள மட்டன் வைத்துவிட்டு அந்தச் சுட்ட வாசனையை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அதற்கு ஒரு வழி இருக்கிறது. இறைச்சி வெந்த பிறகு பாத்திரத்தில் போட்டு, நடுவில் சின்னக் கிண்ணம் வைத்து, அதில் நன்றாகக் கனிந்த ஒரே ஒரு கரித்துண்டு போட்டு, ஒரு சொட்டு நெய் விட்டு உடனே மூடிவிடுங்கள். வடக்கே துங்கார் என்பார்கள். இரண்டு மூன்று நிமிடம் போதும், அதற்குமேல் விட்டால் கசக்கும். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

இதற்குப் பெரிய பிளக் பாயிண்ட் வேண்டும். 2000 வாட் கிரில் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், மொபைல் சார்ஜர் செருகுகிற 6 ஆம்பியர் பாயிண்ட் தாங்காது. பால்கனியில் 16 ஆம்பியர் பாயிண்ட் இல்லை என்றால் எலக்ட்ரீஷியன் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள், சாதாரண எக்ஸ்டென்ஷன் பெட்டியை நம்ப வேண்டாம். முழுச் சூட்டில் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட், பில்லில் அது பெரிய தொகை இல்லை. மின்வெட்டு அடிக்கடி வருகிற ஊரில் விருந்துக்கு இதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

ஒரே பார்வையில்

| | மூடி இல்லாத கரி | மூடி போட்ட கரி | கேஸ் | கரண்ட் |
|---|---|---|---|---|
| வைக்க இடம் | மொட்டைமாடி, தோட்டம் | மொட்டைமாடி, தோட்டம் | திறந்தவெளி மட்டும் | பால்கனியிலும் சரி |
| சூட்டைப் பிரிக்க | சிரமம் | சுலபம் | இரண்டு பர்னராவது இருந்தால் | முடியாது |
| தயாராக ஆகும் நேரம் | 30 நிமிடம் | 30 முதல் 40 நிமிடம் | 10 முதல் 15 நிமிடம் | 10 நிமிடம் |
| எலும்போடு கோழி | கஷ்டம் | நன்றாக வரும் | நன்றாக வரும் | சின்னத் துண்டு மட்டும் |
| சுட்ட வாசனை | உண்டு | அதிகம் | ஓரளவு | மிகக் குறைவு |
| கவனிக்காமல் விடுகிற செலவு | துரு, மறுபடி வாங்குவது | உறை, வைக்க இடம் | சின்ன சிலிண்டர், குழாய், ரெகுலேட்டர் | 16 ஆம்பியர் பாயிண்ட் |

இந்த நான்குக்கும் பொதுவாக ஒரு செலவு இருக்கிறது, அதை மட்டும் தவிர்க்காதீர்கள்: உணவுக்குள் குத்திப் பார்க்கிற வெப்பமானி. சில நூறு ரூபாய்தான். கோழி உள்ளே 74 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும், எலும்பை ஒட்டாமல் தடிமனான இடத்தில் குத்திப் பார்க்க வேண்டும். மசாலா தடவிய கோழியில் நிறத்தைப் பார்த்து வெந்ததா என்று சொல்லவே முடியாது, மிளகாய்த்தூள் எப்போதோ சிவந்துவிடும்.

கம்பி வலையைத் தேய்க்க இரும்பு முள் பிரஷ் வாங்க வேண்டாம். அதன் முள் உதிர்ந்து உணவோடு வயிற்றுக்குள் போன சம்பவங்கள் உண்டு. பாதியாக வெட்டிய பெரிய வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி எண்ணெயில் தொட்டு, சூடான வலையில் தேய்த்தால் ஒட்டியது பெரும்பாலும் வந்துவிடும், மீன் ஒட்டாமல் இருக்கவும் அது உதவும்.

கரி என்று முடிவெடுத்தால், எந்தக் கரி

சூப்பர் மார்க்கெட்டில் பார்பிக்யூ கரி என்று அழகான பையில் போட்டு விற்பதை வாங்குவதற்கு முன்னால் உங்கள் ஊர் விறகுக் கடையிலோ கரிக்கடையிலோ கேளுங்கள். அதுவும் தெரியவில்லை என்றால் தெருவில் இஸ்திரி போடுகிறவரிடம் எங்கே வாங்குகிறார் என்று கேளுங்கள், சரியான இடத்தைச் சொல்வார்.

அங்கே கிடைப்பது பெரும்பாலும் சீமைக்கருவேலங்கரி. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் கரிமூட்டம் போட்டு எடுப்பது. நம் ஊரில் எல்லோரும் சபிக்கிற இந்த மரம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, டெக்சாஸில் பார்பிக்யூவுக்கென்றே தேடி எரிக்கிற மெஸ்கீட் மரத்துக்கு நெருங்கிய சொந்தம். அங்கே கொண்டாடுகிற வகையறா இங்கே சாக்கு மூட்டையில் கிடைக்கிறது, இதை விட்டுவிட்டு வெளியூர்ப் பைக்குக் கூடுதலாகப் பணம் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. நல்ல கரி என்றால் தட்டினால் கணீரென்று சத்தம் வரும், உடைந்த முகம் பளபளக்கும், தூக்கினால் கைக்குக் கனம் தெரியும். பழுப்பு நிறம் தெரிந்தால் சரியாக வேகாத விறகு, புகைந்து தள்ளும். ஒரு குறை, பற்றும்போது சடசடவென்று வெடித்துப் பொறி பறக்கும். நைலான் சட்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டாம், குழந்தைகளைத் தள்ளி உட்கார வையுங்கள்.

கொட்டாங்கச்சிக் கரி இன்னொன்று. சூடும் அதிகம், நேரமும் தாங்கும், புகையும் பொறியும் குறைவு. ஆனால் சில்லு சில்லாக இருப்பதால் நெருக்கமாகப் படிந்து காற்றை அடைத்துவிடும், சின்னத் துண்டுகள் கீழே உதிர்ந்துவிடும். கீழே பெரிய கருவேலங்கரி, மேலே கொஞ்சம் கொட்டாங்கச்சிக் கரி என்று கலந்து போட்டால் இரண்டின் குறையும் தெரியாது.

அச்சில் வார்த்த கரிக்கட்டி மூன்றாவது. ஹென்றி ஃபோர்டு 1920களில் தன் கார்த் தொழிற்சாலையில் மிஞ்சிய மரத்துண்டுகளை இப்படிக் கட்டியாக்கி விற்றதிலிருந்து அமெரிக்காவில் பரவியது. ஒரே அளவு என்பதால் சூடு சீராக இருக்கும், நீண்ட நேரச் சமையலுக்கு நல்லது. சாம்பல் அதிகம், விலையும் கூட. தீக்குச்சி காட்டினாலே பற்றிக்கொள்ளும் என்று விற்கிற வகையில் எரிஎண்ணெய் ஊறியிருக்கும், அதை வாங்காதீர்கள்.

பற்றவைக்க மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், அந்த வாடை சிக்கனில் ஏறிவிடும். தேங்காய் நார், காய்ந்த பனையோலை, இரண்டு கொட்டாங்கச்சி, இவை போதும். கரி பற்றவைக்கிற இரும்புக் குழாய் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அடியில் நாரைக் கொளுத்தி, மேலே கரியை நிரப்பி விட்டுவிட்டால் காற்றை அதுவே இழுத்துக்கொள்ளும். முதல் ஐந்து நிமிடம் மஞ்சளாகக் கெட்டியான புகை வரும், பயப்பட வேண்டாம். பிறகு புகை மெலியும், நடுவில் செம்மை தெரியும், இருபது நிமிடத்தில் மேல் கரியின் விளிம்பில் வெள்ளைச் சாம்பல் பூக்கும். அப்போதுதான் தட்டில் கொட்ட வேண்டும். தகரப் பக்கெட்டில் ஓட்டை போட்டு இதைச் செய்யலாம் என்று யாராவது சொன்னால், துத்தநாகம் பூசிய பக்கெட் கூடாது, சூட்டில் அந்தப் பூச்சின் புகை உடம்புக்குக் கெடுதல்.

சூடு போதுமா என்று பார்க்க உள்ளங்கையைக் கம்பி வலைக்கு மேலே, ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில் பிடியுங்கள். இரண்டு மூன்று விநாடியில் இழுத்துக்கொண்டால் இறாலுக்கும் மீனுக்கும் சரியான கடும் சூடு. நாலைந்து விநாடி தாங்கினால் சிக்கனுக்கு. எட்டு விநாடிக்கு மேல் தாங்கினால் கரி போதவில்லை.

மழைக்காலத்தில் கரி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சாக்கில் விடாமல் மூடியுள்ள டப்பாவில் போட்டு வையுங்கள். சாம்பலை உடனே குப்பையில் கொட்டாதீர்கள், உள்ளே கனல் மறுநாள் வரை இருக்கும். இரும்பு டப்பாவில் போட்டு மூடி ஒரு நாள் விட்டுவிட்டு அப்புறம் கொட்டலாம், செடிக்கும் கொஞ்சம் போடலாம்.

யாருக்கு எது

தனி வீடு, மாதத்துக்கு ஒரு தடவையாவது ஆட்கள் வருவார்கள், தீயோடு நிற்கப் பிடிக்கும் என்றால் யோசிக்காமல் மூடி போட்ட கரி அடுப்பு. பணம் போதவில்லை என்றால் சின்னத் தகர அடுப்பை இப்போது வாங்காமல் இரண்டு மூன்று மாதம் சேர்த்து இதையே வாங்குங்கள் என்பேன்.

வாரத்தில் இரண்டு நாள் வீட்டுச் சமையலுக்கே பயன்படுத்தப் போகிறீர்கள், சிலிண்டரை நிரந்தரமாக வைக்கக் காற்றோட்டமான இடமும் இருக்கிறது என்றால் கேஸ். வயதானவர்களோ ஆஸ்துமா உள்ளவர்களோ வீட்டில் இருந்தாலும் கேஸ்தான், புகையால் அவர்கள் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிற விருந்தில் யாருக்கும் மகிழ்ச்சி இருக்காது.

அடுக்குமாடி, பால்கனி மட்டும், சாப்பிடுவது அதிகமும் காய்கறியும் பனீரும் மீனும் என்றால் கரண்ட் கிரில் தாராளமாகப் போதும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன், வீடு மாறும்போது அட்டைப் பெட்டியில் போட்டு எடுத்துப் போய்விடலாம்.

மூடி இல்லாத சின்ன அடுப்பு, காரில் வைத்து ஆற்றங்கரைக்கும் தோப்புக்கும் எடுத்துப் போகிறவர்களுக்கு. கபாபும் சோளமும்தான் செய்வேன் என்கிறவர்களுக்கும் சரி.

இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை, ஆனால் வீட்டுப் பக்கத்தில் வெறும் மண் தரை இருக்கிறது என்றால் இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். காய்ந்த செங்கல் இருபத்தைந்து முப்பது இருந்தால் போதும். மூன்று பக்கம் சுவர் மாதிரி நாலு வரிசை அடுக்குங்கள், ஒரு வரிசையில் இரண்டு செங்கலுக்கு இடையே விரலளவு சந்து விட்டால் காற்று வரும். மேலே பூச்சு இல்லாத கெட்டியான கம்பி வலை, இரும்புப் பட்டறையில் சொன்னால் வெல்டு வைத்துத் தருவார்கள். தணலை ஒரு பாதியில் மட்டும் குவியுங்கள், இறைச்சியை மறுபாதியில் வைத்து, மூடிக்குப் பதிலாக வீட்டில் இருக்கிற பெரிய அலுமினியக் குண்டானைக் கவிழ்த்துவிடுங்கள். ஈரச் செங்கலும் ஆற்றுக் கூழாங்கல்லும் மட்டும் கூடாது, உள்ளே இருக்கிற தண்ணீர் சூட்டில் ஆவியாகி வெடிக்கும்.